தந்தை பட்ட கடன்

தெக்கத்திச் சீமையும் திரைகடலும் – 17

இந்துச் சட்டம் படித்த வக்கீல்கள் கண்ணில் சிவகிரி என்ற பெயர் ஒரு தடவையாவது பட்டிருக்கும். ஊர்ப்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. எலுமிச்சைக்கான பெயரைப் பக்கத்துப் புளியங்குடி தட்டிக்கொண்டு போய்விட்டது. வீரத்துக்கான பெயர் வாசுதேவநல்லூரை அடுத்த நெற்கட்டுஞ்செவலுக்குப் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது ஒரு கடன் வழக்கு.

சிவகிரி ஜமீன்தார் ஒருவர் கடன்பட்டு, அடைக்காமலே இறந்துபோனார். கடன் கொடுத்த முத்தையன் செட்டி, ஜமீனுக்கு வாரிசாக வந்த மகன் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியாரிடம் பாக்கியைக் கேட்டார். வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றத்தைத் தாண்டி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1882இல் தீர்ப்பு வந்தது. தகாத காரியத்துக்காக வாங்கிய கடனாக இல்லாதபட்சத்தில், தகப்பன் பட்ட கடனுக்கு மகன் கைக்கு வந்த ஜமீன் பொறுப்பு. அப்பன் கடன் பிள்ளையைச் சேரும் என்று எங்கள் ஊர்க் கிழவிகள் திண்ணையில் சொல்வதைத்தான் லண்டன் பிரபுக்களும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்னால் அது சட்டம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இந்தியக் கோர்ட்டுகளில் அந்தத் தீர்ப்பு மேற்கோளாக நடமாடியது.

இந்தப் பழைய கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அந்தத் தீர்ப்புக்கு 60 சொச்சம் வருடங்களுக்குப் பிறகு லண்டனே கடனாளியாக நின்றது. கொடுக்க வேண்டியவன் ராஜா, வாங்க வேண்டியவன் குடியானவன் என்று ஆனபோது கடன் என்ற சொல்லே கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, அந்த இடத்தில் உதவி என்ற சொல் வந்து உட்கார்ந்தது. கொழும்புத் திட்டம் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் நாம் படித்துவிட்டுப் போன சங்கதிக்குள் இந்தச் சொல் மாற்றம் ஒளிந்திருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

•

சென்ற இதழில் போர்க்கால நெல்லைச் சீமையைப் பார்த்தோம். துணிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், அரிசிக்கு அளவு. அந்தத் தட்டுப்பாட்டின் மறுபக்கம் லண்டனில் ஒரு பேரேட்டில் இருந்தது.

நடந்தது இதுதான். போருக்குத் தேவையான துணி, தானியம், தோல், சணல் எல்லாவற்றையும் பிரிட்டன் இந்தியாவில் வாங்கியது. சிப்பாய்களின் சம்பளமும் இங்கேயே ஆனது. 1939-40இல் செய்துகொண்ட நிதி ஏற்பாட்டின்படி, இந்திய எல்லைக்கு வெளியே இந்தியப் படை சண்டையிட்ட செலவில் பெரும் பங்கு பிரிட்டனுடையது. ஆனால் கையில் காசு இல்லை. ஆகவே லண்டனில் இந்தியாவின் கணக்கில் ஸ்டெர்லிங் பத்திரமாக வரவு வைத்தார்கள். அந்தப் பத்திரத்தைக் காட்டி இங்கே ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அச்சடித்தது. அந்த நோட்டைக் கொடுத்து நம்முடைய நெல்லையும் பஞ்சையும் வாங்கிக்கொண்டு போனார்கள். சரக்கு கப்பலேறியது, நோட்டு ஊரில் தங்கியது, விலை ஏறியது. 1943இல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் மாண்டதற்கு இந்தப் போர்க்காலப் பணவீக்கமும் ஒரு காரணம் என்பதைப் பொருளாதார அறிஞர்கள் பிற்பாடு விளக்கமாகவே எழுதினார்கள்.

போருக்கு முன்னால் இந்தியா லண்டனுக்குக் கடன்பட்டிருந்தது. போர் முடிந்தபோது அந்தப் பழைய கடன் அடைந்து, லண்டன் இந்தியாவுக்குத் தரவேண்டிய பாக்கி நூறு கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வயிற்றைக் கட்டிய ஜனங்களின் சேமிப்பு என்றுதான் அதைச் சொல்லவேண்டும். விரும்பிச் சேர்த்த சேமிப்பு அல்ல. வயிற்றிலிருந்து பிடுங்கிச் சேர்த்தது.

வசூல் எளிதாக நடக்கவில்லை. இந்தியாவைக் காப்பாற்றியதற்கான செலவை எதிர்க்கணக்காகக் காட்ட வேண்டும் என்று சர்ச்சில் சொல்லிவந்தார். 1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில் உலக நிதி மாநாடு கூடியபோது, இந்தியக் குழுவினர் இந்தப் பாக்கியைச் சபையில் கிளப்பினார்கள். அந்தக் குழுவில் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் இருந்தார். பிரிட்டன் தரப்பில் வந்திருந்த கெய்ன்ஸ், இது எங்களுக்கும் எங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் இடையிலான விவகாரம், கௌரவமாகத் தீர்த்துக்கொள்வோம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

நான்கு வருடம் கழித்து அதே சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக லண்டனுக்குப் பேரம் பேசப் போனார். 1948 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. வெள்ளைக்காரர்கள் இங்கே விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டைப் பாக்கியிலிருந்து கழித்துக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பிவிட்ட வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்காக இன்னொரு பெருந்தொகையும் அதிலிருந்தே போனது. நம்மை ஆண்டவர்கள் ஓய்வுக்காலத்தில் குடித்த தேநீருக்கும் நாமே முன்பணம் கட்டினோம் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கேட்ட உடனே தரமாட்டார்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பார்கள். 1882இல் சிவகிரிக்குச் சொன்ன நியாயம் 1948இல் லண்டனுக்குப் பொருந்தவில்லை. கடன்காரன் தவணையைத் தானே முடிவுசெய்தால் அதைக் கேட்க எந்தப் பிரிவி கவுன்சிலும் கிடையாது.

•

இனி கொழும்பு.

வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். சிவகிரிக்குச் சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பட்டணம் என்றால் பாதிப் பேருக்குக் கொழும்புதான் ஞாபகம் வரும். ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ ரயிலேறி, மதுரை, தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயில். வெற்றிலைக் கடை, துணிக்கடை, தேயிலைத் தோட்டம் என்று அவரவர் விதிப்படி இறங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கொழும்பில் 1950 ஜனவரி 9ஆம் தேதி காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கூடினார்கள். ஆறு நாள் பேச்சு. இலங்கைப் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்க தலைமை. நேரு வந்திருந்தார். பிரிட்டனிலிருந்து எர்னஸ்ட் பெவின், கனடாவிலிருந்து லெஸ்டர் பியர்சன், ஆஸ்திரேலியாவிலிருந்து பெர்சி ஸ்பெண்டர், பாகிஸ்தானிலிருந்து குலாம் முகமது. தென்னாப்பிரிக்காவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. திட்டம் உருவானபோது அது சேரவில்லை. காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் ஆசிய மண்ணில் இப்படிக் கூடியது அதுவே முதல் தடவை.

கூடியதன் பின்னணியில் இரண்டு பயம். 1949 அக்டோபர் முதல் தேதி பீக்கிங்கில் மாவோ மக்கள் குடியரசை அறிவித்துவிட்டார். மலாயாக் காடுகளில் துப்பாக்கிச் சத்தம், இந்தோசீனாவில் போர். பசித்தவன் சிவப்பாகிவிடுவான் என்பது வெள்ளைக்கார நாடுகளின் பயம். பசித்தவன் நம்மைத் தூக்கி எறிந்துவிடுவான் என்பது புதிதாகப் பதவிக்கு வந்திருந்த ஆசியத் தலைவர்களின் பயம். பயத்தில் பிறந்தது என்பதற்காக ஒரு காரியத்தைத் தள்ளிவிட முடியாது. நம் ஊர்க் கண்மாய்க் கரைகள்கூட உடைந்துவிடும் என்ற பயத்தில்தான் பலப்படுத்தப்படுகின்றன.

ஏழை ஆசிய நாடுகளின் வளர்ச்சிக்குக் கூடி உதவுவது என்ற யோசனையைச் சபையில் வைத்தவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஸ்பெண்டர். பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மற்றவர் இலங்கையின் நிதியமைச்சர் ஜே.ஆர்.ஜயவர்தன. பிள்ளைக்கு யார் தகப்பன் என்று இரண்டு தேசத்துக்காரர்களும் பிற்பாடு பெருமைச் சண்டை போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அதை ஸ்பெண்டர் திட்டம் என்றே அழைத்தவர்கள் உண்டு. பெயர் கடைசியில் ஊருக்குப் போனது. கொழும்புத் திட்டம்.

ஜே.ஆர். என்றதும் அவர் ஆட்சியில் நடந்த 1983 ஜூலைக் கலவரம்தான் தமிழர் நினைவுக்கு வரும். வரத்தான் செய்யும். ஆனால் 1950இல் அவர் 43 வயது நிதியமைச்சர். அடுத்த வருடம் சான்பிரான்சிஸ்கோவில் ஜப்பானிடம் போர் நட்டஈடு கேட்காதீர்கள் என்று புத்தரின் வாக்கைச் சொல்லி வாதாடியவரும் அவரே. ஒரே மனிதருக்குள் எத்தனை ஆள் குடியிருக்க முடியும் என்பதற்கு இலங்கை வரலாற்றில் அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

•

1950 மே மாதம் சிட்னியில் கூடி, தொழில்நுட்ப உதவிக்கு மூன்று வருடத்துக்கு 80 லட்சம் பவுண்ட் என்று முடிவுசெய்தார்கள். செப்டம்பரில் லண்டனில் கூடி, ஒவ்வொரு நாடும் தன் தேவையைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. நவம்பர் கடைசியில் அறிக்கை வந்தது. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் 57 கோடி மக்கள், அதாவது அன்றைய உலகத்தில் கால்வாசிப் பேர். ஆறு வருடத்துக்குத் தேவை 186 கோடியே 80 லட்சம் பவுண்ட். அதில் இந்தியாவுக்கு மட்டும் 137.9 கோடி, பாகிஸ்தானுக்கு 28 கோடி, மலாயாவுக்கும் போர்னியோப் பகுதிகளுக்கும் 10.7 கோடி, இலங்கைக்கு 10.2 கோடி. 1951 ஜூலை முதல் தேதி திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு இவ்வளவு கோடியை வெள்ளைக்காரன் கொடுத்தானா என்று வாய் பிளக்க வேண்டாம். இது அந்தந்த நாடுகள் தாங்களே போட்டுக்கொண்ட வளர்ச்சித் திட்டங்களின் மொத்தச் செலவு. கிட்டத்தட்ட 108 கோடி பவுண்ட் வெளியிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த வெளிப்பணத்திலும் 24.6 கோடி பவுண்ட் லண்டனில் கிடந்த ஸ்டெர்லிங் பாக்கியிலிருந்து எடுப்பதாகவே கணக்கு. அதாவது நம் பணம். பிரிட்டனின் பங்கு என்று அறிக்கைகளில் எழுதப்பட்டதில் பெரிய துண்டு, வாங்கிய கடனைத் தவணையில் திருப்பிக் கொடுத்தது. தகப்பன் கடனை மகன் அடைத்துவிட்டு, அதற்குப் பெயர் தர்மம் என்று ஊர் மந்தையில் தண்டோரா போட்டால் சிவகிரியில் என்ன பேசுவார்களோ, அதையேதான் இங்கும் பேசவேண்டியிருக்கிறது.

அத்தோடு கதை முடிந்தால் இந்த அத்தியாயத்துக்கே அவசியமில்லை. முடியவில்லை. திட்டத்தின் அமைப்பில் ஒரு விசேஷம் இருந்தது.

எங்கள் ஆச்சியிடம் ஒரு மொய் நோட்டு உண்டு. நீளமான கணக்கு நோட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன வைத்தோம், நம் வீட்டுக்கு யார் என்ன வைத்தார்கள் என்று இரண்டு பக்கமும் எழுதியிருக்கும். பந்தல் எல்லோருக்கும் பொது. ஆனால் மொய் ஆளுக்கு ஆள் தனித்தனி. பொது உண்டியல் கிடையாது. இன்றைக்கு வாங்குகிறவன் நாளைக்கு வைப்பான். வாங்குவதால் யாரும் தாழ்ந்துபோவதில்லை. வாங்கிவிட்டுத் திருப்பி வைக்காதவன்தான் தாழ்ந்தவன்.

கொழும்புத் திட்டம் அச்சாக அப்படி. பொது நிதி என்று ஒன்று இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு ஏதாவது ஒரு தலைநகரில் பந்தல் போட்டுக் கூடும். என்ன செய்தோம், என்ன வேண்டும் என்று பேசுவார்கள். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டிரண்டு நாடுகளாகத் தனியே பேசி முடித்துக்கொள்வார்கள். கொழும்பில் இருந்த அலுவலகம் கணக்கெழுதும் இடம், கட்டளையிடும் இடமல்ல. பெரியவர் சின்னவர் என்று ஓட்டுக்கு எடை இல்லை. உலக வங்கியின் மேசையில் காணமுடியாத ஒரு சமானம் அந்தப் பந்தலில் இருந்தது. இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மொய் வைப்பவன் மனசு வைத்தால்தான் மொய். எந்த ஏழைக்கு எது அவசரம் என்று பார்த்துப் பங்கிட அங்கே ஆள் இல்லை. இந்தியாவுக்குக் கிடைத்தது எளிதில் பெருகியது. பிற்பாடு பந்தலில் சேர்ந்த லாவோஸ் போன்ற சின்ன வீடுகளுக்குப் பெரும்பாலும், அப்படியே வந்து சேர்ந்த அமெரிக்காவின் தேவைக்கேற்ற மொய்தான் விழுந்தது.

வாங்கிக்கொண்டே கொடுத்தவர்களில் இந்தியா முக்கியம். நேபாளத் தலைநகர் காட்மாண்டுக்கு அதுவரை வண்டிப் பாதையே கிடையாது. ராணா பிரபுக்களின் மோட்டார் கார்களைக் கூலியாட்கள் கம்புகட்டித் தோளில் தூக்கி மலையேற்றிய படங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவப் பொறியாளர்கள் அங்கே மலையைக் குடைந்து சாலை போட்டார்கள். 1956இல் முடிந்த அந்தத் திரிபுவன் ராஜபாதைதான் காட்மாண்டை இந்திய எல்லையோடு சேர்த்த முதல் சாலை. கனடாக் கோதுமையை வாங்கித் தின்றுகொண்டிருந்த அதே வருடங்களில் இந்தியா செய்த வேலை இது. 1964இல் அயல்நாட்டவருக்குப் பயிற்சி கொடுக்கும் ஐடெக் திட்டத்தை டெல்லி தொடங்கியதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இன்னொரு பெயர் ஜப்பான். தோற்று, குண்டுபட்டு, கையேந்தி நின்ற தேசம். 1954 அக்டோபர் 6ஆம் தேதி அது கொழும்புத் திட்டத்தில் கொடுக்கும் வரிசையில் சேர்ந்தது. தன்னுடைய வெளிநாட்டு உதவியின் பிறந்தநாள் என்று ஜப்பான் இன்றும் அந்தத் தேதியைத்தான் கொண்டாடுகிறது. நம்முடைய மெட்ரோ ரயில்களுக்கு வரும் ஜப்பான் கடனின் வேர் எங்கே என்று கேட்டால் கொழும்பைக் காட்டலாம்.

•

கோதுமை என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1951-52இல் கனடா இந்தியாவுக்கு அனுப்பிய முதல் மொய் கோதுமை மூட்டைகள். அரிசிச் சோறு தின்னும் நம் ஜனங்கள் அந்தக் காலத்து ரேஷன் கோதுமையைச் சபித்துக்கொண்டே அரைத்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் சூட்சுமம் வேறு. அரசு கோதுமையை விற்று, வந்த ரூபாயைத் தனிக்கணக்கில் போட்டது. அந்த ரூபாயைக் கொண்டு மயூராட்சி ஆற்றில் அணை கட்டப்பட்டது. 1955இல் பியர்சன் வந்து திறந்துவைத்தார். இன்றும் அதற்கு அந்தப் பக்கத்தில் கனடா அணை என்றே பெயர். ரொட்டியாகத் தின்று தீர்க்கவேண்டியது அணையாக நின்றுவிட்டது.

நியூசிலாந்து சின்ன நாடு. அது கொடுத்த 10 லட்சம் பவுண்டை வைத்து ராஜகுமாரி அம்ரித் கௌர் டெல்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கு அடி போட்டார். எய்ம்ஸ் என்று இன்று மதுரைத் தோப்பூருக்குக் காத்துக்கிடக்கிறோமே, அந்தப் பெயரின் ஆதிக்கல் கொழும்புத் திட்ட மொய். ஆஸ்திரேலியா படிப்புக்குக் கொடுத்தது. வெள்ளையரல்லாதவர்களைக் குடியேற விடாத சட்டம் அங்கே அப்போது அமலில் இருந்தது. அந்தச் சட்டத்தின் நடுவிலேயே ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் போய், அங்கத்திய வீடுகளில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். பக்கத்து அறையில் இருக்கும் பையனைப் பார்த்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் மனம் மாறியதைச் சட்டம் மாறியதற்கான காரணங்களில் ஒன்றாக அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே சொல்கிறார்கள். அதற்குப் பட்ஜெட்டில் தலைப்பு கிடையாது.

மொய் தப்பிய இடமும் உண்டு. கனடா கொடுத்தவற்றிலேயே பெரிதாகப் பேசப்பட்டது டிராம்பேயில் அமைத்த சைரஸ் அணு உலை. 1960 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. சமாதானக் காரியத்துக்கு மட்டும் என்பது பேச்சு. 1974 மே 18ஆம் தேதி பொக்ரானில் இந்தியா நடத்திய அணு வெடிப்புக்கான புளூட்டோனியம் அந்த உலையிலிருந்து வந்தது. கனடா கொதித்துப்போய் அணுத் துறை உறவையே அறுத்துக்கொண்டது. நாம் அதற்குச் சமாதான வெடிப்பு என்று பெயர் வைத்தோம். பெயர் வைக்கும் வித்தையை லண்டனிடமிருந்து கற்றிருப்போம்போல.

தமிழ்நாட்டில் கொழும்புத் திட்டத்தைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் நீலகிரிக்குப் போகவேண்டும். ஊட்டிக்குத் தென்மேற்கே அவலாஞ்சி, எமரால்டு என்று இரண்டு ஏரிகள். சுற்றுலாப் பயணிகள் அவற்றை இயற்கை அழகு என்று படம் எடுக்கிறார்கள். இரண்டும் குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். மலைக்குள் ஒரு சுரங்கம் இரண்டையும் இணைக்கிறது. காமராசர் ஆட்சிக்காலம். 1956இல் வேலை தொடங்கியது. எந்திரங்களும் பொறியாளர்களும் கனடாவிலிருந்து. மண் வெட்டியது, பாறை உடைத்தது, ரூபாய்ச் செலவு எல்லாம் நம் பக்கம். 1960, 61இல் குந்தாவிலும் கெத்தையிலும் இரண்டு மின்நிலையங்கள் ஓடத் தொடங்கின. முதல் கட்டமாக 180 மெகாவாட். அந்தக் காலத்துச் சென்னை மாநிலத்துக்கு அது சின்ன எண் அல்ல.

சிவகிரிக்கு அதில் என்ன என்று கேட்பீர்கள். தெற்கே 1944இல் வந்த பாபநாசம் மின்நிலையம்தான் எங்கள் பக்கத்துக்கு முதல் வெளிச்சம். பைக்காரா, மேட்டூர், பாபநாசம் மூன்றையும் ஒரே கம்பி வலையில் கோத்துவிட்ட பிறகு, குந்தாவின் மின்சாரமும் அதே வலையில் இறங்கியது. கிணற்றில் விழுந்த தண்ணீர் எந்த மழையினுடையது என்று பிரிக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கமலை மாடுகளை அவிழ்த்துவிட்டு மோட்டார் பம்பு போட்ட அறுபதுகளின் சம்சாரிகள் பொத்தானைத் தட்டியபோது, அதில் கனடாக்காரன் மொய்யும் ஒரு துளி கலந்து ஓடியிருக்கும். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்து, நிலம் நேரடிப் பட்டாவாக மாறிக்கொண்டிருந்த காலமும் அதுதான். நிலமும் மின்சாரமும் ஒரே தலைமுறையின் கைக்கு வந்தன. எலுமிச்சைத் தோப்புகள் அதற்குப் பிறகு பெருகிய கதையை வேறொரு சமயம் சொல்கிறேன்.

•

இனி மனசுக்கு ஒப்பாத பகுதி.

1950 ஜனவரியில் ஏழை நாடுகளை எப்படிக் கைதூக்கிவிடுவது என்று கொழும்பில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நகரத்துக்கு மேலே மலைநாட்டில் லட்சக்கணக்கான தமிழர்கள் தேயிலை பறித்துக்கொண்டிருந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து போனவர்களும் அவர்களின் பிள்ளைகளும். இலங்கையின் முதன்மை ஏற்றுமதிப் பொருள் அன்று தேயிலை. விருந்தினர்களை உபசரித்த செலவும் அந்தக் கொழுந்திலிருந்து வந்ததுதான். 1948ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தம் ஓட்டையும் பறித்தது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் உட்படத் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. மாநாட்டின் பொருள் அது அல்ல என்று சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் இரண்டும் ஒரே அமைச்சரவை செய்த வேலை. வறுமையைப் பற்றிப் பேசிய மேசைக்கும், நாட்டின் ஆக ஏழையான ஜனங்களிடமிருந்து ஓட்டைப் பறித்த மேசைக்கும் நடுவே தூரம் ஒன்றும் அதிகமில்லை.

நாட்டுக்கு நாடு உதவுவதில் இருக்கும் இந்த ஓட்டை அன்றும் இன்றும் அடைபடவில்லை. நாடு ஏழை என்று பட்டியல் போட முடிகிறது. அந்த நாட்டுக்குள் யார் ஏழை என்று கேட்டால் அது உள்விவகாரம் ஆகிவிடுகிறது. ஐ.நா. சபை 1971இல் மிகப் பின்தங்கிய நாடுகள் என்று ஒரு பட்டியலைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்து வீடுகளில் நேபாளம், பூட்டான், மாலத்தீவு, லாவோஸ், ஆப்கானிஸ்தான் முதலிலேயே அதில் இருந்தன. 1975இல் வங்கதேசமும் 1987இல் பர்மாவும் சேர்ந்தன. மாலத்தீவு 2011இலும் பூட்டான் 2023 டிசம்பரிலும் பட்டியலைவிட்டு ஏறிவிட்டன. வங்கதேசம், நேபாளம், லாவோஸ் மூன்றும் 2026 நவம்பரில் ஏற ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. நடுவில் சார்க் என்ற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு வந்தது, சாஃப்டா என்ற வர்த்தக ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்து ஏழை உறுப்பினர்களுக்குத் தனிச் சலுகை வைத்தது. சார்க் தலைவர்கள் 2014 காட்மாண்டுக்குப் பிறகு கூடவே இல்லை. கொழும்புத் திட்டமோ, கனடாவும் பிரிட்டனும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலகிக்கொண்ட பிறகும் கொழும்பிலேயே அலுவலகம் வைத்துப் பயிற்சி வகுப்புகள் நடத்திக்கொண்டிருக்கிறது. பெரிய பந்தலைப் பிரித்துவிட்டார்கள், கணக்குப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் பேசாமல் இருக்கும் சார்க்கைவிட வகுப்பெடுக்கும் கணக்குப்பிள்ளை மேல்.

மலைநாட்டுத் தமிழர்களிடம் திரும்புகிறேன். 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்டை நாடுகள் இரண்டு சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொண்ட ஒப்பந்தம் என்று அதற்கும் நல்ல பெயர் உண்டு. பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968இல் வனத்துறை மூலம் தேயிலைத் தோட்டங்கள் போடத் தொடங்கியது. பின்னர் அது டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமானது. தோட்டங்கள் போட்ட இடம் பெரும்பாலும் நீலகிரி. கோத்தகிரியும் கூடலூர்ப் பக்கமும். கொழும்பில் கருவான திட்டத்தின் மின்சாரம் புறப்பட்ட அதே ஜில்லாவில், கொழும்பு அனுப்பிவைத்த ஜனங்கள் மறுபடியும் கொழுந்து பறிக்க நின்றார்கள்.

அடுத்த இதழில் மண்டபம் முகாம். இலங்கைக்குப் போகிற கூலிகளைச் சோதித்து அனுப்புவதற்காகக் கட்டிய அதே முகாம், திரும்பி வந்தவர்களை வாங்கிக்கொண்ட கதை. திரும்பி வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை கொடுத்திருந்தார்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் அப்படி ஓர் அட்டை கிடந்தால், பழைய காகிதம் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள்.